அட்டவணையில் இல்லாத எஃப் மைனர்

எடைமேடையில் ஏறுவதற்கு முன் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் ஒருமுறை ஹாரன் அடிப்பார்கள். எடை குறிக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தகவல்: வந்துட்டேன், எடை போடு. பெரும்பாலும் வெறும் அலறல்தான். ஒரே ஒரு வண்டி, முன்கண்ணாடியில் குறுக்கே விரிசல் ஓடிய பழைய வண்டி, இரண்டு சுரங்களைச் சேர்த்து ஊதும். மேற்கத்தியக் கணக்கில் கீழே சி, மேலே ஈ. எண்ணூர் சாலையின் புழுதி, டீசல் புகை, எங்கிருந்தோ வந்து மூக்கை அரிக்கும் காரநெடி, இத்தனைக்கும் நடுவில் அந்த இரண்டு சுரங்கள் மட்டும் கழுவிவைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக வரும்.

இரண்டு சுரம் சேர்ந்தால் அது சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியாது. மூன்றாவது வரவேண்டும். மேலே ஒரு ஜி வைத்தால் சி மேஜர். கல்யாண மண்டபம், காலை வெயில், பன்னீர். கீழே ஒரு ஏ வைத்தால் ஏ மைனர். அதே ஹாரன், அதே வண்டி, ஆனால் யாரோ போய்விட்டார்கள். நான் பேஸ் கிட்டார்காரன். கீழே என்ன வைப்பது என்பது இருபது வருஷமாக என் வேலை. அந்த வண்டி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் மனசு தானாகப் போய் ஏ-யைத்தான் வைக்கிறது. ஜி-யை வைத்துப் பார்க்கிறேன். நிற்பதில்லை, வழுக்கிவிடுகிறது. அப்புறம் அவன் ஞாபகம். அப்புறம் நாள் முழுக்க அவன் ஞாபகம்தான்.

அவன் கீபோர்டு வாசிப்பான். எங்கள் குழுவில் டோலக், தபேலா, பாடுகிறவர், நான், அவன். கல்யாணம், ஆடி மாதத்துக் கூழ், சாவு. சாவுதான் அதிகம். மூலக்கொத்தளம் மயானத்துக்குப் பிணம் புறப்படும்வரை தெருவில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சாவு வீட்டில் பாடுகிறவரிடம் எத்தனை கட்டை என்று சுருதி கேட்டால் திட்டு விழும். "கட்டையாவது மட்டையாவது, நான் பாடிகினே இருப்பேன், நீ வந்து புட்சிக்க." அவர் எங்கேயோ ஆரம்பிப்பார். இவன் ஒரு கட்டையை விரலால் தொட்டுப் பார்ப்பான், இடதுகையால் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு, மூன்று தட்டு. அவ்வளவுதான். பாட்டு அவன் மடியில் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அழுத்தினால் மெஷின் மொத்தச் சுருதியையும் ஏற்றியோ இறக்கியோ கொடுத்துவிடும். கை அதே இடத்தில் இருக்கும், சத்தம் மட்டும் வேறு சுருதியில் வரும். வடசென்னையில் கீபோர்டு பிடித்தவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். எல்லாப் பாட்டையும் சி-யில் வாசி, மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். அவனும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம், ஆயிரக்கணக்கான பாட்டு, எல்லாம் ஒரே வீட்டுக்குள். வெள்ளைக் கட்டைகள் அவன் விரல் பட்டு மஞ்சளாகியிருந்தன. கறுப்புக் கட்டைகள் புதுசாக மின்னின.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவன் வாசித்து அழாதவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் வாசிப்பு அவனுக்கு மாதத்தில் நாலு நாள், ஐந்து நாள். மீதி நாளெல்லாம் வள்ளூர் தாண்டி ஒரு சாம்பல் செங்கல் யார்டில் வேலை. அனல் மின்சாரத்துக்கு எரித்த நிலக்கரியின் சாம்பல் லாரியில் வந்து குவியும். அதை சிமென்ட்டோடு கலந்து மெஷினில் கொட்டி அழுத்தினால் கல். இவன் கலக்குகிற இடத்தில். முகத்தில் கர்ச்சீப், அதன்மேல் இன்னொரு கர்ச்சீப். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து சடையங்குப்பத்து வீட்டுக்கு வரும்போது புருவம் வெளுத்திருக்கும். அவன் மனைவி ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை. வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். "அங்கியே நில்லு. சட்டைய கழட்டி ஒதறிட்டு உள்ள வா. வூடு பூரா பவுடர் போட்டு வெச்சிகீற." கீபோர்டை அவள் பழைய புடவை ஒன்றில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தாள். மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் வீடு அது. பரண்தான் அதற்குப் பாதுகாப்பு. அப்படியும் சாம்பல் போய்விடும். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பரில் படிந்து, திடீரென்று ஒரு நாள் ஒரு சுரம் ஊமையாகும். அவன் ஸ்க்ரூ கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி ஊதி மறுபடி பேசவைப்பான். ஊதும்போது இருமுவான்.

அந்த இருமலுக்குத்தான் போன வருஷம் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சாம்பலை விட்டு விலகு என்றார். வேறு வேலைக்குப் போ. இப்போதே போனால் இத்தோடு நிற்கும். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தால் என்னிடம் வராதே.

அந்த வாரமே, பாடகர்கள் பலர் இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பயணிகள் கப்பலில் மாலை நேரத்தில் வாசிக்க ஆள் வேண்டும். ஒரு பாடகிக்குப் பக்கவாத்தியம். வயது நாற்பத்தைந்துக்குள். அவனுக்கு நாற்பத்துநாலு. ராயபுரத்தில் பிறந்து, ஹார்பர் மதில் சுவருக்கு வெளியே நின்று கப்பல் பார்த்தே வளர்ந்தவன் ஒரு கப்பலில்கூட ஏறியதில்லை. ஸ்க்ரீனைத் துடைத்துத் துடைத்து அந்தச் செய்தியை எனக்குக் காட்டினான்.

"கடல்ல சாம்பல் இல்ல மாமு," என்றான் கடைசியில். "அதான் மேட்டரு."

பேர் கொடுத்தோம். வாசித்த வீடியோ ஒன்றை அனுப்பினோம். வரச்சொல்லிவிட்டார்கள். பத்துப் பாட்டு அடங்கிய பட்டியலும் வந்தது, எல்லாம் பழைய மேற்கத்தியப் பாட்டுகள். அவன் போனில் கேட்டுக் கேட்டு ஒரு வாரத்தில் பத்தையும் சி-யில் இறக்கிவைத்துவிட்டான். பிறகு அந்தக் கப்பல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஆடிஷன் அன்றைக்கு அறையில் இருப்பது பியானோ. பாடகியின் சுருதி ஈ ஃபிளாட். எல்லாரும் முதல் பாட்டை அவளோடு சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. மெஷினில் மூன்று தட்டு. பியானோவில் தட்டுவதற்கு ஒன்றும் கிடையாது.

"அத்துல பட்டன் இருக்காதா?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"அது மரம்ம்மா," என்றேன்.

"அவ்ளோ பெரிய பொட்டி, ஒரு பட்டன் வெக்கக் கூடாதா."

கையில் பதினாறு நாள் இருந்தது.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. பேஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்த காலத்தில் பாரிமுனை நடைபாதையில் வாங்கியது, அட்டை போய், பாதி வரை கோடு போட்டுப் படித்தது. பாதிக்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாதி வரை தெரிந்ததே எங்கள் குழுவில் எனக்கு ஒரு மரியாதையைக் கொடுத்திருந்தது. எதற்கென்றாலும் பேஸ்காரனைக் கேளு, அவன் படித்தவன் என்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

புத்தகம் சொன்னது இதுதான். ஸ்கேல் என்பது ஏழு சுரம். அதில் ஒன்றில் நின்றுகொண்டு, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரத்தை எடுத்துச் சேர்த்து வாசித்தால் அது ஒரு கார்டு. ஏழு சுரத்திலும் நின்று எடுத்தால் ஏழு கார்டு. அந்த ஏழுக்கும் தாய் அந்த ஸ்கேல். சி-யின் பிள்ளைகள் சி, டி மைனர், ஈ மைனர், எஃப், ஜி, ஏ மைனர், கடைசியில் பி-யில் ஒரு கோணல் கார்டு. ஈ ஃபிளாட்டுக்குப் போனால் பேர் மாறும், வரிசை மாறாது. முதலாவது மேஜர் என்றால் அங்கேயும் மேஜர், இரண்டாவது மைனர் என்றால் அங்கேயும் மைனர். சி வீட்டில் நாலாவது பிள்ளை எஃப். ஈ ஃபிளாட் வீட்டில் நாலாவது பிள்ளை ஏ ஃபிளாட். கை போக வேண்டிய இடம் தெரியாவிட்டாலும், எத்தனையாவது என்று தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சார்ட் அட்டையில் பன்னிரண்டு ஸ்கேலுக்கும் கட்டம் போட்டு எழுதினேன். நல்ல கையெழுத்தில், மேஜர் சிவப்பு, மைனர் நீலம். சடையங்குப்பத்து வீட்டின் சுவரில், போன வெள்ளத்தின் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு முழம் மேலே ஒட்டினோம். கீபோர்டை இறக்கினோம். டிரான்ஸ்போஸ் பட்டன்மேல் மருந்துக் கடைப் பிளாஸ்திரி ஒன்றை நானே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன்.

அவன் அட்டவணையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இன்னா மாமு இது. ஏ மைனர் இங்க கீது. ஜி வூட்லயும் கீது. எஃப் வூட்லயும் கீது."

"ஆமா. மூணு வீட்லயும் இருக்கும். சி வீட்ல ஆறாவது, ஜி வீட்ல ரெண்டாவது, எஃப் வீட்ல மூணாவது."

"அப்ப அதுக்கு ஆதார் எந்த அட்ரஸ்ல?"

"தனியா நின்னா சொல்ல முடியாது. அடுத்து எந்தக் கார்டு வருதோ அத வெச்சுத்தான்."

அவன் ஏ மைனரை வாசித்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். "மூணு வூட்ல சாப்புட்டு எந்த வூட்லயும் படுக்காம சுத்திகினு கீது. நம்ம டோலக்கு மாரி," என்றான். அவன் மனைவி சமையல் பக்கத்திலிருந்து சிரித்தாள். பதினாறு நாளில் அந்த வீட்டில் நான் கேட்ட பெரிய சிரிப்பு அது.

தினமும் மூன்று மணிக்குப் போனேன். அவன் குளித்து, தலை ஈரத்தோடு உட்கார்ந்திருப்பான். எட்டாவது நாளில் ஈ ஃபிளாட் கைக்குக் கொஞ்சம் பழகியது. பத்தாவது நாளில் ராயபுரத்து மாதா கோயில் ஹாலில் ஒரு பழைய பியானோ இருப்பது தெரிந்து, பாடகர் குழு வருவதற்கு முன் ஒரு மணிநேரம் கெஞ்சி வாங்கினோம். உப்புக்காற்றில் சுருதி இறங்கி, நடுவில் நாலைந்து கட்டை பேசாமல் போன பியானோ. உட்கார்ந்ததும் அவன் இடதுகை தானாகப் பலகையின் ஓரத்துக்குப் போயிற்று. பட்டன் இருக்கிற இடத்துக்கு. மரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்தான்.

"கைக்கு இன்னும் யாரும் சொல்லல," என்றான்.

பதினோராவது நாள்தான் அந்தத் தகராறு. அதைத் தகராறு என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. அவன் சண்டை போடவில்லை.

முதல் பாட்டில், பல்லவி முடிந்து மறுபடி வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு திருப்பம் வரும். சி-யில் வாசித்தால் எஃப், அதன்பின் சி. ஆனால் அவன் எஃப் வாசித்துவிட்டு, சி-க்குப் போவதற்கு முன்னால் ஒரு நொடி நடு விரலை ஒரு கட்டை இறக்குவான். எஃப் மைனராகிவிடும். அப்புறம் சி. போனில் கேட்டு அவனே பிடித்தது. அந்த ஒரு நொடியில் என்னவோ நடக்கும். கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்க்கிற மாதிரி. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

நான் அட்டவணையைப் பார்த்தேன். சி வரிசையில் எஃப் சிவப்பு மையில் இருந்தது. அந்த வரிசையில் எஃப் மைனர் எங்கேயும் இல்லை.

"இங்க எஃப் மைனர் வராதுடா. சி வீட்ல அது இல்ல."

"பாட்டுல கீதே."

"காது தப்பா கேக்குது. எஃப்பே வாசி. ஈ ஃபிளாட்ல போனா ஏ ஃபிளாட் மேஜர். மைனர் இல்ல."

அவன் போனை எடுத்துப் பாட்டைப் போட்டான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை ஓட்டினான். எனக்கும் கேட்டது. எஃப் மைனர்தான் கேட்டது. ஆனால் சுவரில் என் கையெழுத்தில் ஏழு பேர் இருந்தார்கள், எட்டாவது ஆள் இல்லை. கூடப் பாடுகிறவர்கள் யாரோ வழுக்கியிருப்பார்கள், ரெக்கார்டிங் பழசு என்று ஏதோ சொன்னேன்.

"தோ பாரு மாமு. இத்த வாசிச்சா சோக்கா கீது," என்று எஃப் மைனர் வாசித்தான். "இத்த வாசிச்சா ராங்கு இல்ல, ஆனா ஒண்ணும் இல்ல." எஃப் வாசித்தான்.

"அங்க உக்காந்திருக்கவன் படிச்சிட்டு வந்தவன். தாய் ஸ்கேல்ல இல்லாத கார்ட வாசிச்சா, இவனுக்கு அடிப்படையே தெரியலன்னு அனுப்பிடுவான்."

அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு வேள சி-க்கு சின்ன வூடு எதுனா இருக்குமோ," என்றான். "அங்கேந்து வந்துக்கும்."

நான் சிரித்தேன். நல்ல ஜோக் என்று சொன்னேன்.

பதினோராவது நாளிலிருந்து பதினாறாவது நாள்வரை அந்த இடத்தில் ஏ ஃபிளாட் மேஜர் வாசித்தான். முதலில் ஒவ்வொரு தடவையும் நடு விரல் இறங்கப் பார்க்கும். அவன் இழுத்துப் பிடிப்பான். அப்புறம் விரல் அடங்கிவிட்டது.

ஆடிஷன் எழும்பூர்ப் பக்கம் ஒரு ஓட்டலின் ஹாலில். அவன் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். புருவத்தைத் துடைத்துவிட்டாள். "இருமல் வந்தா வாசிக்கும்போது அடக்கிக்க. அப்பால தண்ணி குடி," என்று பஸ் ஏறும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இருபது இருபத்தைந்து வயதுக்காரர்கள், காதில் ஒயர், மடியில் நோட்டு. ஒருவர்கூட மடியில் வைத்துக் கைக்குட்டையை முறுக்கவில்லை. இவன் முறுக்கினான்.

உள்ளே கூப்பிட்டார்கள். கதவின் கண்ணாடிப் பட்டையில் நான் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். தேர்வு செய்கிறவர் குறுந்தாடி வைத்த ஆள், மரியாதையானவர், எழுந்து கை கொடுத்தார். பாடகி தண்ணீர் குடித்தாள். பியானோ கறுப்பாக, பெரிதாக, அதில் இவன் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக இருந்தது. உட்கார்ந்தான். இடதுகை ஓரத்துக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தித் திரும்பக் கொண்டுவந்தான்.

வாசித்தான்.

சொன்னால் நம்ப வேண்டும், நன்றாக வாசித்தான். பதினாறு நாளில் இன்னொரு வீட்டுக்குக் குடிபோனவன் வாசிப்பது மாதிரி இல்லை. ஈ ஃபிளாட், சி மைனர், ஏ ஃபிளாட், பி ஃபிளாட், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். பாடகி முதல் வரியிலேயே அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த இடம் வந்தது. ஏ ஃபிளாட் மேஜர். சிவப்பு. அட்டவணைப்படி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. பாடகியின் குரல் அந்த இடத்தில் எங்கேயோ தடுக்கி, சமாளித்துக்கொண்டதை அவளுடைய பிசகு என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை அதே இடம். மறுபடி மேஜர். மறுபடி அவள் தடுக்கினாள். குறுந்தாடிக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார், குனிந்து ஏதோ சொன்னார். இவன் தலையாட்டினான். அப்புறம் கை கொடுத்தார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. மாடிப்படியில் உட்கார்ந்து, அடக்கிவைத்த அத்தனையையும் இருமினான். தண்ணீர் கொடுத்தேன்.

"இன்னாடா சொன்னாரு?"

"திருப்புற எடத்துல கார்டு ராங்காம்."

"எந்த எடம்?"

"அதான். அந்த எடம்."

"அந்தாளுக்குத் தெரியல," என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கவே இல்லை. "ஏ ஃபிளாட் மேஜர்தான் ஈ ஃபிளாட்டுக்கு நாலாவது. அதுல என்ன ராங்கு."

அவன் பாட்டிலை மூடிக் கொடுத்தான்.

நாலு நாள் கழித்துச் செய்தி வந்தது. வேறு ஆளை எடுத்திருந்தார்கள். மறு வருஷம் அவன் வயசு தாண்டிவிடும். அன்று மத்தியானம் போனேன். அவன் யார்டுக்குப் போயிருந்தான். பத்தாவது நாளிலிருந்து லீவு போட்டிருந்ததால் இரட்டை ஷிப்ட் பார்க்கிறான் என்றாள் அவன் மனைவி. சுவரில் அட்டவணை அப்படியே இருந்தது.

"நல்லாத்தான வாசிச்சாருண்ணா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா வாசிச்சாம்மா."

"பொறவு இன்னா." வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொட்டியில ஒரு பட்டன் வெச்சிருந்தா கப்பலுக்குப் போயிருப்பாரா?"

பட்டன் இருந்திருந்தால் நான் அட்டவணை போட்டிருக்க மாட்டேன். அவன் சி-யில் வாசித்திருப்பான், மூன்று தட்டு தட்டிவிட்டு, நடு விரலை இறக்கி.

ஆனால் இதை நான் அப்போது யோசிக்கவில்லை. ஐப்பசி மழையில்தான் யோசித்தேன். நான் எடை போடும் யார்டுக்குள் முழங்கால் தண்ணீர், எடைமேடை மூழ்கி, வண்டி இல்லாமல் கூண்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், பையில் கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்தேன். கோடு போட்ட இடத்துக்கு அப்புறம் ஒரு பக்கம் வெற்று. அடுத்த பக்கத்தில் புது அத்தியாயம். இருபது வருஷத்தில் என்றைக்காவது ஒரு பக்கம் திருப்பியிருந்தால் வந்திருக்கும்.

அதில் எழுதியிருந்தது: ஒவ்வொரு மேஜர் ஸ்கேலுக்கும் அதே சுரத்தில் தொடங்கும் ஒரு மைனர் ஸ்கேல் பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டு தன் சொந்த வீட்டில் இருந்துகொண்டே அங்கிருந்து ஒரு கார்டைக் கடன் வாங்கும். அதிகமாக வாங்குவது நாலாவது கார்டை. சி-யில் இருக்கும் பாட்டு எஃப் மைனரை வாங்கும். ஈ ஃபிளாட்டில் இருக்கும் பாட்டு ஏ ஃபிளாட் மைனரை வாங்கும். பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்புவதற்கு ஒரு நொடி முன்னால்.

அவன் சொன்ன சின்ன வீடு அதுதான். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தவனுக்கு, ஒரு எழுத்தும் படிக்காமல், அந்த வீட்டின் பின்வாசல் எங்கே திறக்கிறது என்று தெரிந்திருந்தது. நான் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். புத்தகத்தை மூடினேன். தண்ணீரில் ஒரு தெர்மாகோல் துண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சடையங்குப்பம் தண்ணீரில் இருந்தது, பாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் வடிந்தது. அப்புறமும் போகவில்லை. சொன்னால் என்ன ஆகும்? கப்பல் போய்விட்டது. அவன் நுரையீரலுக்கு நான் சொல்லப்போகும் எஃப் மைனரால் என்ன.

வெள்ளத்தில் பரண் வரை தண்ணீர் வந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். கீபோர்டு பிழைத்தது. அட்டவணை மிதந்துபோய்விட்டது.

தை மாதம் அவன் போன் செய்தான். யார்டுக்காரர் செங்கல் மெஷினை ஆந்திரா பக்கம் இன்னொரு அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் மாற்றுகிறாராம். வருகிறவர்களுக்கு அங்கேயே தங்க இடம். இங்கே வேலை இல்லை. மனைவிக்குக் கேன்டீன் வேலை இருப்பதால் அவள் இங்கேயே. சாம்பல்தானேடா அங்கேயும் என்றேன். "சாம்பலு தான். வேற இன்னா தெரியும் எனக்கு," என்றான். டாக்டரம்மாவிடம் மறுபடி போகவில்லை. போனால் என்ன சொல்வார் என்று தெரியுமாம்.

அவனை வழியனுப்ப மாதவரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். காலை பத்து மணி. அவன் ஒரு சிமென்ட் சாக்குப் பையும் ஒரு பிளாஸ்டிக் குடமுமாக நின்றுகொண்டிருந்தான். கீபோர்டு இல்லை. அவன் மனைவி புடவையில் சுற்றிப் பரண்மேலேயே வைத்துவிட்டாளாம். "எட்த்துகினு போனா அங்க ஒரு மாசத்துல செத்துரும்," என்றான். மெலிந்திருந்தான். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று புதிதாக வந்திருந்தது. தாளத்தில் காலிக் கட்டம் மாதிரி.

டோலக்காரனைப் பற்றிப் பேசினோம். யாரோ செத்துப்போனதற்கு வாசித்ததைப் பற்றி. டீ குடித்தோம். பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே ஏறினேன். மேல் தட்டில் பையைத் திணித்தேன். குடம் நிற்கவில்லை, அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். கண்டக்டர் தெலுங்கில் ஏதோ கத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டேய். அந்த எஃப் மைனரு."

ஏறிட்டுப் பார்த்தான்.

"நீதான்டா கரெக்ட். புக்ல அடுத்த பக்கத்துல இருந்துச்சு. நான் படிக்கல. நான்தான் தப்பாச் சொன்னேன்."

கொஞ்ச நேரம் இருமினான். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துவிட்டு அதைப் பார்க்காமலேயே மடித்துப் பைக்குள் வைத்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியும் மாமு."

"எப்போலேருந்து?"

"அன்னிக்கே. ஓட்டல்ல வாசிக்கச்சொல்லோ கை மைனருக்குத்தான் போச்சு. நீ சொன்னது முன்னாடி வந்து குந்திகிச்சு." மூச்சு வாங்கினான். பஸ் ஒரு முறை குலுங்கியது. "வுடு மாமு. எறங்கு. வண்டி எட்துட்டான்."